கின்காலியை முள்கரண்டியால் குத்தியவன் நான் மட்டும்தானா? (ஜார்ஜியா போனவர்கள் வரவும்)

மலைக்கோட்டைவாசி:

போன அக்டோபரில் கஸ்பெகி போகும் வழியில் நடந்தது. இன்னும் மனதை விட்டுப் போகவில்லை, அதனால் கொட்டிவிடுகிறேன்.

டிரைவர் பாசனவுரியில் வண்டியை நிறுத்தினார். கருப்பு அரக்வியும் வெள்ளை அரக்வியும் சேருகிற ஊர். கின்காலி சாப்பிட்டால் இங்கேதான் என்று திபிலீசியிலிருந்தே ஓதிக்கொண்டு வந்தவர். நானும் வீட்டுக்காரியும் ஆளுக்கு ஐந்து சொன்னோம். கொழுக்கட்டைக்குக் குடுமி முடிந்த மாதிரி வந்தது, மேலே மிளகுத்தூள், ஆவி பறக்கிறது. நான் பெரிய துரை போல முள்கரண்டியை நடுவில் குத்தி, கத்தியால் அறுத்தேன். உள்ளே இருந்த சாறு மொத்தமும் தட்டில் ஓடிவிட்டது. சரி, இதுதான் குழம்பு போல என்று அடுத்ததையும் அறுத்தேன்.

சமையலறை வாசலில் நின்ற ஒரு பாட்டி நேராக என்னிடம் வந்தார். முகத்தில் சிரிப்பே இல்லை. ஒரு வார்த்தை பேசாமல் என் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். வீட்டுக்காரி என்னைப் பார்க்கிறாள், நான் மேசைவிரிப்பைப் பார்க்கிறேன். பத்து நிமிடம் கழித்துப் புதிதாக ஐந்து வந்தது. பாட்டி ஒன்றைக் குடுமியில் பிடித்துத் தலைகீழாகத் தூக்கினார். ஓரத்தில் சின்னதாகக் கடிப்பது போலவும், சாற்றை உறிஞ்சுவது போலவும் ஜாடை காட்டினார், உறிஞ்சும் சத்தத்தோடு. அப்புறம் அதை என் கையில் வைத்துவிட்டு அங்கேயே நின்றுகொண்டார். நான் ஐந்தையும் முடிக்கும் வரைக்கும் நகரவில்லை. தட்டில் மிச்சம் வைத்த குடுமிகளை விரலால் தொட்டு எண்ணினார்: ஏர்தி, ஓரி, சாமி, ஓத்கி, குதி. தலையை ஒருமுறை ஆட்டினார், போய்விட்டார்.

பில்லில் பத்துதான் இருந்தது. அவருக்கு வந்தது கோபமா, இரக்கமா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

ரசப்பொடி:

உங்களுக்காவது பாட்டி கிடைத்தார். நான் சுத்த சைவம். குட்டாயிசியில் லோபியோ கேட்டேன். சிவப்பு பீன்ஸை மண்சட்டியில் வேகவைத்துக் கொத்தமல்லி போட்டுத் தருவார்கள், தொட்டுக்கொள்ள ம்ச்சாதி என்று சோள அடை. முதல் நான்கு வாய் அம்மா வைக்கும் ராஜ்மா மாதிரியே இருந்தது, கண்ணில் தண்ணீர் வராத குறை. ஐந்தாவது வாயில் ஏதோ நார் நாராக வந்தது. புகை போட்ட பன்றி இறைச்சியாம், ராச்சா பக்கத்து வழக்கமாம். சர்வர் பெண், கூடுதலாகக் கொடுத்திருக்கிறோம் என்று சந்தோஷமாகச் சொன்னாள். அவளைத் திட்டவும் முடியவில்லை. வெளியே வந்து தெருக்குழாயில் ஏழெட்டு முறை வாய் கொப்பளித்தேன்.

ஓய்வுபெற்ற ஊர்சுற்றி:

மலைக்கோட்டை தம்பி, அந்தச் சாறு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்திருந்தால் கத்தியை எடுத்திருக்க மாட்டீர்கள். கொத்திய பச்சை இறைச்சியில் தண்ணீர் கலந்து பிசைந்துதான் உள்ளே வைப்பார்கள். மாவு வேகும்போது அதுவும் உள்ளேயே வெந்து சாறாகிறது. குடுமியைச் சாப்பிடாததற்குக் காரணம் அது தடித்த மாவு, சரியாக வேகாது. எத்தனை தின்றோம் என்ற கணக்கும் அதிலேயே இருக்கிறது. மலைப்பக்கக் கின்காலியில் இலைதழை போடுவதில்லை, இறைச்சியும் வெங்காயமும்தான். நகரத்தில் கலகூரி என்று கேட்டால் கொத்தமல்லி, பார்ஸ்லி போட்டு வரும், பெரும்பாலும் மாடும் பன்றியும் கலந்திருக்கும். பன்றி ஆகாதவர்கள் "கோரிஸ் கோர்ட்சி" (பன்றி இறைச்சி) என்ற இரண்டு சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். நல்ல கின்காலிக்கு 19 மடிப்பு இருக்க வேண்டும், அதையும் எண்ணிப் பாருங்கள்.

ரசப்பொடி அம்மா, தப்பு உங்களுடையது. "சமார்க்வோ" என்று கேட்டிருக்க வேண்டும். அங்கே ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளி விரதம் இருப்பார்கள், ஈஸ்டருக்கு முன்னால் வாரக்கணக்கில் இருப்பார்கள். அந்த விரதச் சாப்பாட்டுக்குத்தான் அந்தப் பெயர். கறி, முட்டை, பால் எதுவும் சேராது. வால்நட் அரைத்துத் தடவிய கத்தரிக்காய்ச் சுருள், பசலைக்கீரையை வால்நட்டோடு பிசைந்த ப்காலி, காளான் கின்காலி எல்லாம் அதில் வரும். உருளைக்கிழங்கு என்பதற்கு கார்தோபிலி, காளானுக்கு சோகோ. இன்னொன்று, பில்லில் சேவைக் கட்டணம் தனியாகச் சேர்ப்பார்கள், சண்டை போடாதீர்கள். பாட்டிலில் போர்ஜோமி என்று எழுதியிருந்தால் தாகத்துக்குக் குடிக்காதீர்கள், சோடா உப்பைக் கரைத்த மாதிரி இருக்கும், வயிற்றுக்குத்தான் அது நல்லது. என் கதை? 2014-இல் போனேன், எல்லாம் நன்றாக இருந்தது.

ரசப்பொடி:

ஐயா, பசியோடு கடைக்குள் நுழைந்தவளிடம் தப்பு உங்களுடையது என்கிறீர்களே. அந்தச் சொல் இப்போதுதான் காதில் விழுகிறது. தகவலுக்கு நன்றி, தொனிக்கு இல்லை.

தேனிக்காரி:

சுர்ச்கேலா பற்றி யாரும் சொல்லவில்லையே! சிக்நாகி போகிற சாலை ஓரம் முழுக்கத் தோரணமாகத் தொங்கும். வால்நட்டை நூலில் கோர்த்து, மாவு போட்டுக் காய்ச்சிய திராட்சைச் சாற்றில் முக்கி முக்கிக் காயவைத்தது. எங்கள் அம்மா தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, "கோயிலுக்கு மெழுகுவர்த்தி போல, இரண்டு வாங்கு" என்றார். தின்கிற பண்டம் என்று சொன்னதும் வாழைப்பழத்தைக் கடிப்பது மாதிரி நுனியிலிருந்து ஒரே கடி. நூல் பல் செட்டில் மாட்டிக்கொண்டது. கடைக்காரர் ஒரு பக்கம் இழுக்கிறார், அம்மா மறுபக்கம் வாயைப் பொத்துகிறார், செட் கழன்று வந்துவிடும் என்ற பயம். நான் உதவாமல் வீடியோ எடுத்தேன். அம்மா அதை இன்னும் மன்னிக்கவில்லை, தீபாவளிக்குக்கூடச் சொல்லிக் காட்டினார்.

பரோட்டா மாஸ்டர்:

19 மடிப்பு என்று எழுதியவருக்கு: நான் வாரக்கணக்கில் அங்கே இருந்து எண்ணியிருக்கிறேன், 16 உண்டு, 17 உண்டு, ஒன்றில் 22. செய்கிறவர் கையைப் பொறுத்தது. நம்மூரில் பரோட்டாவுக்கு எத்தனை சுற்று என்று சட்டமா இருக்கிறது?

என்னுடையது பத்துமி, கருங்கடல் ஓரம். அங்கே கச்சாபூரி படகு மாதிரி வரும். நடுவில் பாலாடைக்கட்டிக் குளம், அதில் முட்டை, வெண்ணெய்த் துண்டு. முட்டை பச்சையாக ஆடுகிறது. எனக்குக் குமட்டியது. நன்றாக வேகவைத்துக் கொண்டுவரச் சொல்லித் திருப்பி அனுப்பினேன். திரும்ப வந்தபோது படகு கறுத்திருந்தது, முட்டை ரப்பர். பக்கத்து மேசையில் ஒரு பொடியன், ஏழு வயது இருக்கும், தன் படகில் முட்டையைக் கரண்டியால் கலக்கினான். அந்தச் சூட்டிலேயே அது வெந்து பாலாடைக்கட்டியோடு கூழாகிவிட்டது. ஓரத்து ரொட்டியைப் பிய்த்துத் தொட்டுத் தொட்டுத் தின்றான். என் தட்டைப் பார்த்தான், அவன் அப்பா காதில் ஏதோ சொன்னான். இருபது வருடமாக மாவு தட்டுகிறேன், ஒரு சின்னப் பையன் முன்னால் அப்படிக் கூசியதில்லை.

திபிலீசி நாலாம் வருடம்:

மருத்துவம் படிக்கிறேன். நீங்கள் எல்லாரும் முகம் தெரியாதவர்களிடம் அசடு வழிந்தீர்கள், நான் வீட்டுக்காரம்மாவிடம்.

முதல் வருடம், புத்தாண்டு அன்று ராத்திரி. மாடியிலிருந்து இறங்கி வந்து ஒரு கிண்ணம் கொடுத்தார். சாட்சிவி. வான்கோழியை வேகவைத்து, வால்நட்டும் பூண்டும் அரைத்த குழம்பில் ஊறப்போட்டது. வெந்தயம் மாதிரி ஒரு வாசனை வேறு, உட்ஸ்கோ என்று அவர்கள் போடும் மசாலா. தொட்டால் ஜில்லென்று இருந்தது. பாவம், கொண்டுவருவதற்குள் ஆறிவிட்டது போல என்று மைக்ரோவேவில் மூன்று நிமிடம் வைத்தேன். கிண்ணத்தை வாங்கிப்போக அவர் திரும்பி வந்த அதே நேரத்தில் மணி அடித்தது. கதவைத் திறந்தேன். வால்நட் எண்ணெய் மஞ்சளாகப் பிரிந்து மேலே நிற்க, கீழே திரிதிரியாகத் தங்கியிருந்தது. அவர் எட்டிப் பார்த்தார், "ட்சிவி, ட்சிவி" என்று இரண்டு முறை மெல்லச் சொன்னார். ட்சிவி என்றால் குளிர்ச்சி, பண்டத்தின் பெயரிலேயே அது இருக்கிறது என்று வகுப்புத் தோழன் மறுநாள்தான் சொன்னான்.

அடுத்த புத்தாண்டுக்கு அவர் கிண்ணத்தோடு வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை.

ஓய்வுபெற்ற ஊர்சுற்றி:

தம்பி, சாட்சிவியோடு கோமி கேட்டு வாங்கிச் சாப்பிட வேண்டும். மக்காச்சோளக் களி, உப்பே இருக்காது, சமெக்ரேலோவில்தான் சரியாகச் செய்வார்கள். சூடான களிக்குள் சுல்குனி பாலாடைக்கட்டியைச் செருகி

பரோட்டா மாஸ்டர்:

ஐயா, பையன் என்ன சொல்கிறான், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்.

தேனிக்காரி:

தம்பி, நீ ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடு. தயிர் சாதம் செய்யத் தெரியும்தானே? அங்கே மாட்சோனி என்று விற்பதே நல்ல புளிப்புத் தயிர்தான். கடுகு தாளித்து, ஜில்லென்று கொடு. இதுவும் ட்சிவி என்று சொல்லு.

திபிலீசி நாலாம் வருடம்:

அக்கா, ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோனேன். ட்சிவி என்று சொல்வதற்குள் கிண்ணத்தை வாங்கி உள்ளே அழைத்து உட்கார வைத்துவிட்டார். அவர்களுக்கு மாட்சோனியில் அரிசி போட்டுக் காய்ச்சும் சூப் ஒன்று உண்டாம், இதுவும் அதுதான் என்று நினைத்துப் பாத்திரத்தில் கொட்டி, தண்ணீர் விட்டு அடுப்பில் ஏற்றிவிட்டார். தயிர் திரிந்து, கடுகு மேலே மிதந்தது. இரண்டு தட்டு எடுத்து வைத்தார். நான் இரண்டாவது முறையும் கேட்டு வாங்கிக் குடித்தேன்.