64 மி.மீ ஜெட்டுக்கு ஃபேன் மாற்றலாமா, இருப்பதையே சரி செய்யலாமா? (சேலம்)

கொலுசுப்பட்டறை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் ஒரு 64 மி.மீ ஈ.டி.எஃப் ஜெட் இருக்கிறது, அதாவது குழாய்க்குள் சுற்றும் மின்விசிறி தள்ளிப் பறக்கிற ரிமோட் விமானம்; 64 மி.மீ என்பது ஃபேனின் அளவு. எஃப்-16 உருவம், ஃபோம் பாடி, போன தீபாவளி சமயத்தில் ஓசூரில் ஒருவரிடம் பழசாக வாங்கியது. ஐந்து பிளேடு ஃபேன், 40 ஆம்பியர் ஈ.எஸ்.சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்), 4எஸ் 2200 லிப்போ (நான்கு செல், 2200 எம்.ஏ.எச் லித்தியம் பேட்டரி) இரண்டு, பேட்டரியோடு சேர்த்து எடை 820 கிராம். பறக்கவிடுவது பனமரத்துப்பட்டி ஏரியின் காய்ந்த தரையில், கருவேலம் வெட்டி எடுத்த ஒரு திட்டில்.

வாங்கிய புதிதில் நன்றாகத்தான் போனது. இப்போது ஃபுல் த்ராட்டில் கொடுத்தாலும் ஏறும்போது மூச்சு வாங்குகிறது, லூப் போட்டால் உச்சியில் போய் நின்று ஒரு பக்கமாகச் சாய்ந்து விழுகிறது, போன வாரம் தரையில் இருந்து கிளம்பவே முன்பைவிட இரண்டு மடங்கு தூரம் ஓட வேண்டியிருந்தது. ஒரு மெல்லிய கரகர சத்தமும் புதிதாகச் சேர்ந்திருக்கிறது.

இந்த மாதம் சீட்டு எடுத்தேன், அதில் 13,000 ரூபாய் இதற்கு ஒதுக்கலாம் என்று இருக்கிறேன். 12 பிளேடு ஃபேன் மோட்டாரோடு, 60 ஆம்பியர் ஈ.எஸ்.சி, 4எஸ் 3300 பேட்டரி ஒன்று, மெட்டல் கியர் சர்வோ (இறக்கை, வால் மடல்களை அசைக்கும் குட்டி மோட்டார்) நான்கு. இதுதான் என் பட்டியல். இன்னொரு ஆசையும் உண்டு. மாமாவுக்கு ஏற்காட்டில் நாகலூர் பக்கம் காப்பித் தோட்டம் இருக்கிறது, அதில் கொஞ்சம் திறந்த இடமும் இருக்கிறது. ஆடி 18-க்கு குடும்பத்தோடு அங்கே போகிறோம், மாமா பையன்கள் முன்னால் ஒருமுறையாவது இதைப் பறக்கவிட வேண்டும். மொத்தமும் மாற்றலாமா, இல்லை எதை முதலில் மாற்றுவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மேட்டூர்க்கரை எழுதியது:

மாற்றுங்கள் தம்பி, யோசிக்கவே வேண்டாம். நான் 5 பிளேடில் இருந்து 12 பிளேடுக்கு மாறியவன். பழைய ஃபேன் கீச்சென்று கத்தும், புதியது போட்டதும் உண்மையான ஜெட் தலைக்கு மேல் போவதுபோல் ஒரு ஊதல் வரும், அந்தச் சத்தத்துக்காகவே காசு கொடுக்கலாம். அணையில் தண்ணீர் இறங்கியிருக்கும்போது கரையில் நிற்கிற மீன்காரர்கள்கூட வலையைப் போட்டுவிட்டு அண்ணாந்து பார்ப்பார்கள்.

ஒன்று மட்டும் மறக்காதீர்கள், ஃபேன் மாற்றினால் ஈ.எஸ்.சி-யும் கட்டாயம் மாற்ற வேண்டும். நான் 40 ஆம்பியரையே விட்டு வைத்தேன், மூன்றாவது பறப்பில் அது சூடாகி வெந்துபோனது. ரிசீவருக்கும் (ரிமோட் சிக்னலை வாங்கும் பெட்டி) சர்வோவுக்கும் கரண்ட் அதே ஈ.எஸ்.சி-யில் இருந்துதான் போகிறது, ஆகவே அது போனதும் ஸ்டிக்கை எந்தப் பக்கம் தள்ளினாலும் விமானம் கேட்கவில்லை, நேராகக் கரும்புக்காட்டில் போய் இறங்கியது. மூக்கும் ஒரு இறக்கையும் போயின. தேடி எடுக்கவே இரண்டு மணி நேரம் ஆனது.

எடைபார்த்தவன் எழுதியது:

தம்பி, காசு உங்களுடையது, ஆனால் பட்டியலைக் கொஞ்சம் மடித்து வையுங்கள். "வாங்கிய புதிதில் நன்றாகப் போனது" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அந்த ஃபேனுக்குத் திறமை இருந்தது, நடுவில் ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது. கெட்டது எது என்று தெரியாமல் மேலே புதிய சாமான் ஏற்றினால் கெட்டது உள்ளேயே இருக்கும்.

எனக்கு முதல் சந்தேகம் பேட்டரிமேல். ஒரு கேள்வி: கோடையில் அந்த இரண்டு பேட்டரியையும் எப்படி வைத்திருந்தீர்கள்? ஃபுல் சார்ஜில், அதாவது செல்லுக்கு 4.2 வோல்ட்டில், சேலத்து ஏப்ரல், மே வெயிலில் பீரோவுக்குள் கிடந்திருந்தால் அதன் உயிர் பாதி போயிருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது, சார்ஜரில் போட்டால் 16.8 என்று நிமிர்ந்து காட்டும், ஆனால் மோட்டார் இழுக்கிறபோது பொத்தென்று இறங்கிவிடும். பறக்காத நாளில் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வைக்க வேண்டும், சார்ஜரில் ஸ்டோரேஜ் என்று அதற்காகவே ஒரு மோட் இருக்கும்.

வோல்ட் இறங்குவதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், ஃபேனின் தள்ளுவிசை சுற்று வேகத்தின் இருமடிப்படி போகும், அதற்குத் தேவைப்படும் பவர் மும்மடிப்படி போகும். சுற்று 10 சதவீதம் குறைந்தால் தள்ளுவிசை 19 சதவீதம் போய்விடும். அதேபோல் ஃபேனை 10 சதவீதம் வேகமாகச் சுற்ற வைக்க ஆசைப்பட்டால் தள்ளுவிசை 21 சதவீதம்தான் கூடும், பேட்டரியோ 33 சதவீதம் கூடுதலாகக் கொடுத்தாக வேண்டும். மேட்டூர்க்காரர் ஈ.எஸ்.சி வெந்தது இந்தக் கணக்கில்தான்.

எடையையும் பாருங்கள். 3300 பேட்டரி உங்கள் 2200-ஐவிட 90 கிராம் வரை கூட வரும், ஃபேன், ஈ.எஸ்.சி, சர்வோ எல்லாம் சேர்ந்து இன்னொரு 40 கிராம் என்று வைத்தால் 820 என்பது 950 ஆகிவிடும். இறக்கை அதே இறக்கை. விழாமல் நிற்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் எடையின் வர்க்கமூலத்தோடு கூடும், அதாவது ஏறத்தாழ 8 சதவீதம் வேகமாகத்தான் தரை இறங்க முடியும். அந்த ஏரி மண்ணில், அந்தக் குட்டிச் சக்கரங்களோடு, அது சின்ன விஷயம் இல்லை. பெரிய பேட்டரி உள்ளே முன்னால் தள்ளிப் பொருந்தினால் சி.ஜி-யும் (எடை சமநிலைப் புள்ளி) முன்னே போகும், மூக்கைத் தூக்க எலிவேட்டரை (வால் மடலை) இழுத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும்.

ஒரு வாட் மீட்டர் வாங்குங்கள் அல்லது யாரிடமாவது இரவல் கேளுங்கள். பேட்டரிக்கும் ஈ.எஸ்.சி-க்கும் நடுவில் போட்டு, விமானத்தின் பின்சக்கரக் கால்கள் இரண்டிலும் கயிறு கட்டி, கயிற்றின் மறுமுனையில் கொக்கித் தராசு மாட்டி, தராசை ஜன்னல் கம்பியில் பிணையுங்கள். ஃபுல் த்ராட்டில் ஐந்து விநாடி போதும். எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர், எத்தனை கிராம் இழுக்கிறது என்று மூன்றையும் எழுதிப் போடுங்கள். முன்பக்கம் யாரும் நிற்க வேண்டாம். அப்புறம் அந்தக் கரகர சத்தம். பேட்டரியைக் கழற்றிவிட்டு ஃபேனை விரலால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள், பிளேடு முனை எங்காவது உரசுகிறதா என்று.

வெள்ளிஓக்_நிழல் எழுதியது:

நான் ஏற்காட்டில் இருப்பவன், ஆகவே மலை விஷயத்தை மட்டும் சொல்கிறேன். சேலம் கடல்மட்டத்தில் இருந்து 280 மீட்டருக்கு உள்ளே, இங்கே ஏற்காடு டவுன் 1500 மீட்டர். சேலத்தில் விடிகாலை 25 டிகிரியில் இருக்கும் காற்றின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 1.15 கிலோவுக்குப் பக்கத்தில் வரும், இங்கே 20 டிகிரியில் 1.00 கிலோதான். எட்டில் ஒரு பங்கு குறைவு. தள்ளுவிசையும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குறையும், தூக்கிப் பிடிக்கும் வேகமும் 7 சதவீதம் கூடும். மேலே ஒருவர் சொன்ன 8 சதவீதத்தோடு இதைச் சேர்த்தால், 950 கிராம் ஜெட்டை இங்கே இறக்கும்போது ஏரியில் இன்று இறக்குவதைவிட 15 சதவீதம் வேகம். அதுவும் எங்கே? தோட்டத்துத் திறந்த இடம் என்று நீங்கள் சொல்வது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், காப்பி காயப்போடுகிற களம் அளவுக்கு ஒரு இடம், சுற்றிலும் ஐம்பது அடி வெள்ளிஓக், ஒவ்வொன்றிலும் மிளகுக்கொடி. மரத்தில் மாட்டினால் ஏணிக்கு எட்டாது.

ஆடி மாதம் என்பதையும் யோசியுங்கள். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், இங்கே காற்று மேட்டில் மோதி மரத்துக்கு மேல் உருண்டு வரும், பத்து நிமிடத்தில் மூடுபனி இறங்கி எதிரே நிற்கிற ஜீப் தெரியாது. பையன்களுக்குக் காட்ட வேண்டும் என்றால் ஒரு சின்ன ஃபோம் கிளைடர் கொண்டு வாருங்கள், கையால் எறிந்து மேலேறும் காற்றில் மிதக்கவிடலாம், அவர்கள் கையிலேயே கொடுக்கலாம். ஜெட்டைக் கீழேயே வைத்திருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். எனக்கும் ஒரு ஜெட் இருக்கிறது, பறக்கவிட ஒவ்வொரு முறையும் இருபது கொண்டைஊசி வளைவும் இறங்கித்தான் போகிறேன்.

கொலுசுப்பட்டறை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. எடைபார்த்தவன் அண்ணா கேட்டதற்குப் பதில்: ஆமாம், இரண்டு பேட்டரியும் மார்ச் கடைசியில் இருந்து ஃபுல் சார்ஜில் பீரோவில்தான் இருந்தன. சார்ஜரில் இன்டர்னல் ரெசிஸ்டன்ஸ் (பேட்டரியின் உள்மின்தடை, கூடினால் பேட்டரி சோர்ந்துவிட்டது என்று அர்த்தம்) பார்த்தேன். ஒன்றில் செல் வாரியாக 19, 21, 20, 34 மில்லிஓம். இன்னொன்றும் அப்படித்தான். அம்மாபேட்டையில் ஒரு நண்பரிடம் வாங்கி மூன்று மாதம்கூட ஆகாத 4எஸ் 2200 இருக்கிறது, அதில் எல்லா செல்லும் 7, 8-தான்.

ஞாயிற்றுக்கிழமை மாடியில் கட்டி வைத்துப் பார்த்தேன். என் பேட்டரியில் 13.1 வோல்ட், 32 ஆம்பியர், 640 கிராம் இழுவை. நண்பரின் பேட்டரியில் 14.6 வோல்ட், 39 ஆம்பியர், 790 கிராம். அதே ஃபேன், அதே மோட்டார், வெறும் பேட்டரி மாற்றத்தில் 150 கிராம்! தராசைப் பார்த்துவிட்டு நம்ப முடியாமல் மறுபடி மாட்டிப் பார்த்தேன், திரும்பவும் 790.

கரகர சத்தமும் கிடைத்துவிட்டது. ஃபேனைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால், ஒரு பிளேடின் முனையில் நகக்கண் அளவுக்குக்கூட இல்லாத ஒரு சில்லு பெயர்ந்திருக்கிறது. ஷ்ரவுடின் (ஃபேனைச் சுற்றியுள்ள குழாய்க் கூடு) உள்சுவரில், கீழ்ப்பக்கமாக, பென்சில் கோடு போல வெள்ளையாக ஒரு உரசல். ஏரித் தரையில் கிடக்கிற சரளைப்பொடி வயிற்றுப்பக்கக் காற்றுத் துளை வழியாக உள்ளே போயிருக்கிறது. சில்லுப் பெயர்ந்த பிளேடோடு முழு வேகத்தில் சுற்றுவது ஆபத்து என்று தோன்றியது, அதனால் அதே அளவில் ஒரு ரோட்டர் (பிளேடுகள் உள்ள சுழலும் பாகம்) மட்டும் வாங்கினேன், 600 ரூபாய். வந்ததையும் அப்படியே மாட்டவில்லை. எங்கள் பட்டறையில் கொலுசுக்கு இழுக்கிற வெள்ளிக்கம்பி நேராக, வழவழப்பாக இருக்கும், அதில் ரோட்டரைக் கோர்த்து இரண்டு டம்ளர் விளிம்பில் வைத்தேன். திரும்பத் திரும்ப ஒரே பிளேடு கீழே வந்து நின்றது. எதிர்ப்பக்கம் ஹப்பின் உள்ளே டேப்பைத் துளித்துளியாக ஒட்டினேன், எங்கே திருப்பிவிட்டாலும் அங்கேயே நிற்கும் வரைக்கும். கடைசியில் அந்த டேப்பைப் பட்டறைத் தராசில் போட்டால் 40 மில்லிகிராம். மாட்டி ஓட்டினால் கரகரப்பு இல்லை, உடம்பில் கை வைத்தால் அதிர்வு பாதிக்கும் கீழே.

இப்போது கேள்வி: 790 போதுமா, இதற்குமேல் ஃபேன் மாற்ற வேண்டுமா?

மேட்டூர்க்கரை எழுதியது:

820 கிராம் விமானத்துக்கு 790 என்றால் தாராளம். வாங்கிய புதிதில் நீங்கள் அனுபவித்தது அதுதான். சத்தம் விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான், 12 பிளேடு சத்தம் வேறு, ஆனால் அதை அடுத்த சீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எடைபார்த்தவன் எழுதியது:

அருமை தம்பி, ரோட்டர் பேலன்ஸ் செய்த விதம் ரொம்பப் பிடித்தது. ஆனால் 39 ஆம்பியர் என்ற எண்ணைக் கவனியுங்கள், உங்கள் ஈ.எஸ்.சி 40. பழைய பேட்டரி சோர்ந்து இழுத்ததால்தான் அது இத்தனை நாள் தாங்கியது. நல்ல பேட்டரி போட்டதும், மதியம் 38 டிகிரி வெயிலில், காற்றோட்டம் இல்லாத வயிற்றுக்குள் அது எல்லையிலேயே வேலை செய்யும். ஆகவே உங்கள் பட்டியலில் 60 ஆம்பியர் ஈ.எஸ்.சி-யை மட்டும் கோடு போட்டு அடிக்க வேண்டாம், அது தேவை. 25 கிராம் கூடும், பரவாயில்லை. கூடவே 5 ஆம்பியர் யூபெக் (பேட்டரி வோல்ட்டைக் குறைத்து ரிசீவருக்குக் கொடுக்கும் தனிச் சர்க்யூட்) ஒன்று தனியாகப் போட்டு ரிசீவருக்கு அதில் இருந்து கரண்ட் கொடுங்கள், ஈ.எஸ்.சி-க்குள்ளேயே இதே வேலை செய்கிற பெக்கின் சிவப்பு ஒயரைக் கழற்றிவிட்டு. அப்போது மோட்டார் பக்கம் எரிந்தாலும் சர்வோ கையில் இருக்கும், கிளைடர் போல இறக்கிவிடலாம்.

சர்வோவில் எலிவேட்டர் இரண்டும் மட்டும் மெட்டல் கியர் போதும். அங்கே பல் உடைந்தால் காப்பாற்ற வழியில்லை. ஏலரானில் (இறக்கை மடலில்) இப்போதுள்ளது ஆட்டம் இல்லாமல் இருந்தால் அப்படியே விடுங்கள்.

சரளைக்கு, தரையில் ஒரு நீளமான தார்ப்பாய் விரித்து நான்கு பக்கமும் ஆணி அடித்து இழுத்துக் கட்டுங்கள், கிளம்புவதற்கு அது போதும். இறங்கும்போது சக்கரம் தரையைத் தொட்டதுமே த்ராட்டிலை வெட்டிவிடுங்கள், சுற்றாத ஃபேன் கல்லை இழுக்காது.

இன்னொன்று, இடம் மாற்றி ஓமலூர் பக்கம் பறக்கவிடும் எண்ணம் வந்தால் ட்ரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தை முதலில் பாருங்கள். காமலாபுரம் விமான நிலைய எல்லையில் இருந்து 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடிக்குக் கீழேதான் அனுமதி இல்லாமல் பறக்கலாம், 2021 ட்ரோன் விதிகளில் இருக்கிறது. ஜெட் 200 அடியைக் கண்மூடித் திறப்பதற்குள் தாண்டிவிடும்.

கொலுசுப்பட்டறை எழுதியது:

சரி அண்ணா, முடிவு செய்துவிட்டேன். 4எஸ் 2200 புதிது இரண்டு, 60 ஆம்பியர் ஈ.எஸ்.சி, யூபெக், எலிவேட்டர் சர்வோ இரண்டு. கூட்டிப் பார்த்தால் 8,000-க்குள் வருகிறது. மீதியில் ஏற்காட்டு அண்ணா சொன்ன ஃபோம் கிளைடர் இரண்டு வாங்குகிறேன், மாமா பையன்கள் இரண்டு பேர், ஒன்று வாங்கினால் சண்டை வரும். ஜெட் மலை ஏறாது.

பழைய பேட்டரிகளை என்ன செய்வது என்று யாராவது சொல்லுங்கள், குப்பையில் போட பயமாக இருக்கிறது.

எடைபார்த்தவன் எழுதியது:

குப்பையில் போடவே வேண்டாம், லாரியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். ஒரு 12 வோல்ட் பல்பை மாட்டி வெட்டவெளியில் மண்மேல் வைத்து முழுக்க இறக்குங்கள், 4எஸ் ஃபுல் சார்ஜில் இருந்தால் ஒரு பல்ப் தாங்காது, இரண்டைத் தொடராகக் கட்டுங்கள். வோல்ட் பூஜ்யத்துக்கு வந்ததும் முனைகளுக்கு டேப் ஒட்டி, மின்கழிவு எடுப்பவரிடம் கொடுத்துவிடலாம். எனக்கே இங்கே நாலு சேர்ந்திருக்கிறது, உங்களுடையதையும் கொண்டு வாருங்கள், சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன். ஈ.எஸ்.சி மாட்டியதும் சொல்லுங்கள், ஞாயிறு காலை 6 மணிக்கு ஏரிக்கே வருகிறேன், வாட் மீட்டரோடு.