மலேரியா ஒட்டுண்ணியின் செல் சுழற்சிக் கைனேஸ்கள்: வரிசை ஒற்றுமையை எவ்வளவு நம்பலாம்?

மருதம்:
வணக்கம். ஜி1, எஸ் (டி.என்.ஏ. இரட்டிப்பு), ஜி2, எம் (பிரிவு) என்ற கட்டங்களாகப் பாடநூலில் படித்த செல் சுழற்சியை, மலேரியா ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரத்துடன் பொருத்திப் பார்த்தால் குழப்பமே மிஞ்சுகிறது. சிவப்பணுவுக்குள் ஏறத்தாழ 48 மணி நேரம் வளரும் இந்த ஒட்டுண்ணி, உடலைப் பிரிக்காமல் உட்கருக்களை மட்டும் பெருக்கிக்கொண்டே போய், கடைசியில்தான் மீரோசோயிட்கள் என்னும் பல சேய் ஒட்டுண்ணிகளாகப் பிரிகிறது. அந்த உட்கருக்களும் ஒரே நேரத்தில் பிரிவதில்லை. பிற புரதங்களில் பாஸ்பேட்டைச் சேர்த்து அவற்றின் வேலையை மாற்றும் நொதிகளே கைனேஸ்கள். அவற்றுள் செல் சுழற்சியை நகர்த்தும் சிடிகே குடும்பத்தை ஒத்த மரபணுக்கள் பல இதில் இருந்தும், செல் பிரிவுக்கு உதவும் போலோ கைனேஸ் இல்லை. அமினோ அமில வரிசையை மனிதக் கைனேஸ்களுடன் ஒப்பிட்டே இவற்றின் பணியை முடிவு செய்யலாமா, அல்லது மரபணுவை நீக்கித்தான் பார்க்க வேண்டுமா?

நுண்ணோக்கி:
ஒரு புரதம் கைனேஸ்தானா என்பதை வரிசை சொல்லிவிடும். சுழற்சியின் எந்தக் கட்டத்தை அது நகர்த்துகிறது என்பதைச் சொல்லாது. நீக்கிப் பார்ப்பதிலும் சிக்கல் உண்டு. ரத்த நிலையில் ஒட்டுண்ணிக்கு ஒவ்வொரு மரபணுவும் ஒரே பிரதிதான் என்பதால், இன்றியமையாத ஒன்றை நீக்கினால் ஆராய்வதற்கு ஒட்டுண்ணியே மிஞ்சாது. ஆகவே மரபணுவை விட்டுவிட்டுப் புரதத்தை மட்டும் வேண்டும்போது குறைக்கிறார்கள். சிடிகேயை ஒத்த சிஆர்கே4 என்னும் கைனேஸைப் பற்றி 2017இல் வெளியான ஆய்வு இதற்கு நல்ல சான்று. ஷீல்டு-1 என்னும் மருந்து இருக்கும்வரை நிலைத்து, அதை விலக்கினால் சிதையும் பகுதியொன்றை அப்புரதத்துடன் இணைத்தார்கள். மருந்தை விலக்கியபோது டி.என்.ஏ. இரட்டிப்பு தடைபட்டு, உட்கருப் பெருக்கம் நின்றது.

வைகறை:
நுண்ணோக்கி சொன்னது ரத்த நிலைக்குச் சரி. கொசுவின் வயிற்றுக்குள் நடப்பதற்கு நேரடியாக நீக்கிப் பார்ப்பதே பெரிதும் கைகொடுத்திருக்கிறது. எலி ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியம் பெர்கேயில் சிடிபிகே4 என்னும் கால்சியம் சார்ந்த கைனேஸின் மரபணுவை நீக்கியபோது அது ரத்தத்தில் வழக்கம்போல் வளர்ந்தது, ஆனால் ஆண் பாலணுக்கள் உருவாகவில்லை. கொசுவுக்குள் வெப்பநிலை குறைந்து, அங்குள்ள சாந்துரெனிக் அமிலமும் சேர்ந்ததும், பாலணுக்களை உருவாக்கும் ஆண் கேமீட்டோசைட் செல் பத்தே நிமிடங்களில் டி.என்.ஏ.வை மும்முறை இரட்டிப்பாக்கி எட்டுப் பாலணுக்களை வெளிவிடுகிறது. இந்த வேகத்தை ஒரு கட்டம் சரியாக முடிந்ததா என்று பார்த்தே அடுத்ததற்கு விடும் வழக்கமான சோதனைச்சாவடிகளைக் கொண்டு விளக்குவது எனக்குக் கடினமாகவே படுகிறது. நெக்4 என்னும் இன்னொரு கைனேஸ் நீக்கப்பட்டாலோ ரத்த நிலைக்குக் குறைவில்லை. கருவுற்றபின் ஒடுக்கற்பிரிவுக்கு முந்தைய டி.என்.ஏ. இரட்டிப்புதான் நடப்பதில்லை.

மருதம்:
இருவருக்கும் நன்றி. மனிதக் கைனேஸ்களைத் தொடாமல் இவற்றை மருந்தால் தடுக்க இயலுமா?

நுண்ணோக்கி:
எல்லாவற்றுக்கும் ஒரே விடை கிடையாது. சிடிகே போன்றவற்றில் பாஸ்பேட்டைத் தரும் ஏடிபி மூலக்கூறு பொருந்தும் பிணைப்பிடம் மனிதக் கைனேஸ்களை ஒத்திருப்பதால் அங்கே கவனம் தேவை. சிடிபிகே4இல் அந்த இடத்தின் வாயிலில் செரீன் என்னும் சிறிய அமினோ அமிலம் இருக்கிறது. பெரும்பாலான மனிதக் கைனேஸ்களில் அங்கே பெரிய அமினோ அமிலங்கள் இருப்பதால், பருத்த பக்கக்கிளை கொண்ட தடுப்பான்கள் அவற்றில் நுழையாமல் ஒட்டுண்ணியின் கைனேஸில் மட்டும் பொருந்துகின்றன. ஆனால் இவை நோயாளியின் காய்ச்சலைத் தணிக்கமாட்டா. அவரிடமிருந்து கொசுவுக்குத் தொற்று பரவுவதையே தடுக்கும்.