முடக்குவாதம், லூபஸ்: வீட்டில் பார்த்துக்கொள்பவர்களின் அனுபவங்கள்

மருமகள், கும்பகோணம்

என் அத்தைக்கு (மாமியார்) ருமாட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், அதாவது முடக்குவாதம். வயதானால் வரும் மூட்டுத் தேய்மானம் இல்லை இது. உடம்பின் எதிர்ப்பு சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்கும் நோய். இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு தெருவில் ஆளாளுக்கு யோசனை சொல்வார்கள். "தினமும் நடந்தா சரியாயிடும்", "தைலம் போட்டு நீவி விடு" என்று.

வித்தியாசம் காலையில்தான் தெரியும். தேய்மானத்தில் எழுந்து நடமாட ஆரம்பித்தால் கொஞ்ச நேரத்தில் இறுக்கம் விட்டுவிடும். அத்தை ஐந்து மணிக்கே கண் விழித்தாலும் விரல்கள் மடங்காது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே இருக்கும். வெந்நீரில் கையை வைத்து மெதுவாக மடக்கி நீட்டி, ஒன்பது மணி வாக்கில் அவரே வந்து வெங்காயம் உரிப்பார். அந்த நேரத்தில் வீட்டுக்கு வருகிறவர்கள் "நல்லாத்தானே இருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அதைக் கேட்டால் அத்தைக்கு முகம் சுருங்கிவிடும். வீட்டு ஆட்களாவது அவர் சொல்வதை நம்ப வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது அதனால்தான்.

காலை வேலை எதையும் அவரிடம் விடுவதில்லை. பால் பாக்கெட் வெட்டுவது, குக்கர் மூடுவது எல்லாம் என் கணவர் பொறுப்பு. திருகு குழாய்களை எடுத்துவிட்டுக் கையால் தள்ளினாலே திறக்கிற குழாய் மாட்டினோம். ஜாக்கெட்டில் கொக்கிக்குப் பதில் டெய்லர் வெல்க்ரோ தைத்துக் கொடுத்தார். கரண்டிக் காம்பில் சைக்கிள் ஹேண்டில் உறையை மாட்டியது என் கொழுந்தன் யோசனை. காம்பு தடிமனாக இருந்தால் விரலை இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை.

ஆனால் நாலு பேர் முன்னால் கரண்டியால் சாப்பிட அத்தை ஒத்துக்கொள்ளவே மாட்டார். ஒரு நிச்சயதார்த்தப் பந்தியில் இலை முன்னால் உட்கார்ந்து, விரல் வீங்கியிருந்ததால் சாதத்தைப் பிசைய முடியாமல் பாயசத்தை மட்டும் குடித்துக்கொண்டிருந்தார். என் பையன் பார்த்துவிட்டு, அவனும் ஒரு கரண்டி வாங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்து, சாம்பார் சாதத்தைக் கரண்டியாலேயே சாப்பிட்டான். அப்புறம்தான் அத்தை கரண்டியைக் கையில் எடுத்தார். யாரும் சொல்லிக்கொடுத்து அவன் செய்யவில்லை. எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

மாத்திரை விஷயத்தை எல்லோரும் கவனமாகப் படியுங்கள். முடக்குவாதத்தை அடக்கக் கொடுக்கிற மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிட வேண்டிய மருந்து. அத்தைக்குப் புதன்கிழமை. ஒருமுறை மருந்துக்கடைக் கவரில் "தினம் 1" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். டாக்டர் கிழமையைச் சொல்லி எழுதியிருந்ததால் அங்கேயே பிடித்துக்கொண்டோம். அதைத் தினமும் சாப்பிட்டால் வாயெல்லாம் புண்ணாகும், ரத்த அணுக்கள் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். அதனால் அந்த அட்டையை மற்ற மாத்திரைகளோடு வைப்பதில்லை. தனி டப்பாவில், என் கணவர் கையில். அதோடு சேர்த்துக் கொடுக்கிற ஃபோலிக் ஆசிட் (வைட்டமின் மாத்திரை) வேறு கிழமை. கல்லீரலுக்கும் ரத்த அணுக்களுக்கும் டாக்டர் சொன்ன இடைவெளியில் டெஸ்ட் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பலன் தெரியவே ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். ரெண்டு வாரத்தில் வலி போகவில்லை என்று மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.

கணவர், திருப்பூர்

என் மனைவிக்கு லூபஸ். இதுவும் எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்கும் நோய்தான், மூட்டோடு நிற்காமல் தோல், சிறுநீரகம் என்று பல இடங்களைத் தாக்கும். இந்த நோய் வருபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள், அதுவும் பெரும்பாலும் குழந்தை பெறுகிற வயதில். அவளுக்கு முதலில் மூட்டு வலி, முடி கொட்டல், வெயிலில் போனால் கன்னத்தில் சிவப்பு. பிறகு சிறுநீரில் நுரை. புரதம் இறங்குகிறது என்று டெஸ்டில் வந்தது, சிறுநீரகத்தில் ஊசி போட்டு சதை எடுத்துப் பார்த்தார்கள். லூபஸ் சிறுநீரகத்தைத் தாக்கும்போது வலி இருக்காது. வலி இல்லை என்று சிறுநீர் டெஸ்டைத் தள்ளிப் போடவே கூடாது.

நோயை அடக்கக் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையில் முகம் உப்பியது. ஒரு கல்யாணத்தில் "என்னம்மா இப்படிக் குண்டாயிட்டே" என்று நாலைந்து பேர் கேட்டார்கள். வீட்டுக்கு வந்து மாத்திரையை நிறுத்தப்போகிறேன் என்றாள். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்த முடியாது. பல நாள் வெளியிலிருந்து கொடுத்ததால் உடம்பு தன்னுடைய ஸ்டீராய்டைச் சுரப்பதையே குறைத்திருக்கும். டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அன்றைக்கு அவளோடு பேசி உட்கார்ந்தது என் அம்மாதான். "முகம் திரும்பி வரும் கண்ணு, கிட்னி போனா வராது" என்றார்.

நான் பனியன் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறவன். எல்லாவற்றையும் ஒருவரே தூக்கினால் அந்த ஆளும் படுத்துவிடுவார். ஆஸ்பத்திரி நாளன்று அம்மா சமையல், என் தங்கை பிள்ளையை ஸ்கூலில் இருந்து கூட்டி வருவாள், நான் ஃபைலோடு கூடப் போவேன். மாமியார் மாதத்தில் சில நாள் வந்து தங்குவார். கேட்டால்தான் உதவி வரும், கூச்சப்படாமல் கேளுங்கள்.

நோயாளி, நாகர்கோவில்

எனக்கு ஷோக்ரன் நோய். இதுவும் அதே வகை, எதிர்ப்பு சக்தி கண்ணீர், எச்சில் சுரப்பிகளைத் தாக்கும். கண்ணும் வாயும் வறண்டு போகும். புட்டு என்றால் உயிர், இப்போது குழம்பை நிறைய ஊற்றிக் குழைத்தால்தான் தொண்டையில் இறங்கும். வீட்டில் என்னை அப்படிப் பார்த்துக்கொள்கிறார்கள். குறை சொல்லவில்லை. ஆனால் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் கையில் இருந்த வேலையை வாங்கும் முன்னால் எங்களைக் கேளுங்கள். என்னிடமிருந்து அடுப்பை வாங்கினார்கள், துணியை வாங்கினார்கள், கடைசியில் சீட்டுக் கணக்கையும் அண்ணி வாங்கப் பார்த்தார். அதை மட்டும் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அசதி என்றால் ராத்திரி தூங்கி எழுந்தால் போகிற அசதி இல்லை இது. எழுந்திருக்கும்போதே அசதியாக இருக்கும். ஆனால் உட்கார்ந்த இடத்தில் கணக்குப் பார்க்க என்னால் முடியும்.

மருமகள், கும்பகோணம்

நாகர்கோவில் அக்கா சொன்னதை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். "வெங்காயத்தை எங்கிட்டேருந்து வாங்கிடாதே" என்றார். சரி என்றேன்.

எந்த டாக்டரிடம் போவது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். எலும்பு டாக்டர் இல்லை, ருமட்டாலஜி டாக்டர், அதாவது இந்த மாதிரி மூட்டு, எதிர்ப்பு சக்தி நோய்களைப் பார்க்கிறவர். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சிஎம்சி மூன்றிலும் இதற்கென்று துறை இருக்கிறது. பழைய ரிப்போர்ட், சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளின் அட்டை (நாட்டு மருந்து உட்பட) கையோடு எடுத்துப் போங்கள். கல்யாணம், குழந்தை யோசனை இருக்கிற பெண்கள் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மெத்தோட்ரெக்ஸேட் கருவுக்கு ஆகாது, முன்கூட்டியே நிறுத்தி வேறு மருந்துக்கு மாற்ற வேண்டியிருக்கும். இந்த நோய்களுக்குக் கொடுக்கிற இன்னொரு மாத்திரையான ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் சாப்பிடுகிறவர்கள் கண் டாக்டரிடம் விழித்திரையைப் பார்த்து வைப்பதையும் விடாதீர்கள்.