கேப் டவுன் ஜாஸ் விழாவுக்குப் போனவர்கள் உதவுங்களேன்

வணக்கம். அடுத்த கேப் டவுன் ஜாஸ் விழாவுக்கு அப்பாவைக் கூட்டிப்போகிறேன். கல்யாண ஊர்வலங்களில் பேண்ட் செட்டோடு சாக்ஸபோன் வாசித்தவர் அவர். இப்போதும் அந்தச் சத்தம் கேட்டால் விரல்கள் தொடையில் தானாக ஓடும்.

2000-இல் தொடங்கிய இந்த விழாவில் தென்னாப்பிரிக்கக் கலைஞர்களுக்கும் வெளிநாட்டவருக்கும் ஏறக்குறைய சரிபாதி இடம். எனக்குப் பிடித்ததே அதுதான். வெளிநாட்டு நட்சத்திரங்களை எங்கேயும் கேட்கலாம், கேப் டவுன் ஜாஸை அந்த ஊர்க்காரர்கள் நடுவில் நின்று கேட்பது வேறு. ஆல்ட்டோ சாக்ஸபோன் மேதை கிப்பி மொயெக்கெட்ஸியின் பெயரில் ஒரு மேடையே உண்டு. அப்பாவுக்கு அதைக் காட்டியே ஆக வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், ஒரே நேரத்தில் பல மேடைகளில் கச்சேரி. அப்பாவுக்கோ முழங்கால் வலி, ரொம்ப நேரம் நிற்க முடியாது. ரோஸீஸ் அரங்கில் உட்கார்ந்து கேட்கலாமாம், அதற்குத் தனி டிக்கெட்டை எப்போது எடுப்பது? கிரீன்மார்க்கெட் சதுக்கத்தில் இலவசக் கச்சேரி நடந்தால் எத்தனை மணிக்குப் போய் இடம் பிடிக்கலாம்? அப்புறம், நள்ளிரவில் விழா நடக்கும் மாநாட்டு மையத்திலிருந்து டாக்ஸி எளிதில் கிடைக்குமா? உள்ளூர் சாக்ஸபோன் கலைஞர்களில் யாரைத் தவறவிடக் கூடாது என்றும் சொல்லுங்கள், அப்பா இப்போதே கேட்கத் தொடங்கிவிடுவார்.