வெளியே வர விரும்பாதவர்களின் அடிப்படை உரிமையை எந்தச் சட்டம் காக்கிறது?

மதுரை சட்ட மாணவி:
ஹாஸ்டலில் போன வாரம் ஒரு வாக்குவாதம், எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. அந்தமானில் வெளியாட்களை நெருங்கவே விடாத பழங்குடியினர் வாழும் வடக்கு சென்டினல் தீவில் இருப்பவர்களும் இந்தியர்கள்தானே, பள்ளிக்கூடம் இல்லை, ஆஸ்பத்திரி இல்லை, ஓட்டு இல்லை, அவர்களை அப்படியே விட்டு வைப்பதுதான் உரிமை மீறல் என்கிறாள் என் அறைத்தோழி. அது தப்பு என்று எனக்குப் படுகிறது, ஆனால் எந்தப் பிரிவைச் சொல்லி மறுப்பது? கோர்ட்டுக்கே வர முடியாதவர்களுக்கு யார் பேசுவது? நம் சாப்டூர் மலையடிவாரத்துப் பளியர் பழங்குடியினருக்கும் இதே சட்டம்தானா?

ஒத்தக்கடை வக்கீல்:
தங்கச்சி, முதலில் உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் பாதுகாப்புத் தரும் அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவை எடுத்துப் பாருங்கள். அது குடிமக்களுக்கு மட்டும் என்று சொல்லவில்லை, எந்த மனிதருக்கும் என்கிறது. ஆதாரும் வேண்டாம், ரேஷன் கார்டும் வேண்டாம். அப்புறம் 19(5). நாட்டில் எங்கும் போகலாம், எங்கும் குடியிருக்கலாம் என்ற நம் உரிமையைப் பட்டியல் பழங்குடியினரின் நலனுக்காகக் கட்டுப்படுத்தலாம் என்று அரசியலமைப்பே சொல்கிறது, அந்தத் தீவில் வாழும் சென்டினலியர் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். அந்தமானுக்கென்று 1956-இல் வந்த பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி, ஒதுக்கிய பகுதிக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். ஆக, தடை போட்டிருப்பது நமக்கு, அவர்களுக்கு இல்லை. வழக்கை அவர்கள் சார்பில் வேறு யாரும் பொதுநல வழக்காகப் போடலாம். அந்தமானின் இன்னொரு பழங்குடியான ஜாரவாக்கள் வாழும் காட்டை அறுத்துக்கொண்டு போகும் அந்தமான் டிரங்க் ரோட்டை அந்தப் பகுதியில் மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2002-லேயே உத்தரவு போட்டது, அதற்குப் பிறகும் வருஷக்கணக்கில் அதே ரோட்டில் டூரிஸ்ட் வண்டி ஓடியது. சட்டம் இல்லாமல் இல்லை. அதை மதிக்க வைக்கத்தான் ஆள் இல்லை, எனக்கு ஆத்திரமே அங்கேதான்.

திருமங்கலத்துக்காரர்:
நான் போர்ட் பிளேயரில் பத்து வருஷம் வேலை பார்த்தவன். ஆஸ்பத்திரி கட்டித் தரலாமே என்று நினைப்பவர்கள் 1880-இல் நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஓர் ஆங்கிலேய அதிகாரி அந்தத் தீவிலிருந்து ஒரு வயதான தம்பதியையும் நாலு பிள்ளைகளையும் போர்ட் பிளேயருக்குப் பிடித்துக்கொண்டு வந்தார். எல்லாருக்கும் உடம்புக்கு முடியாமல் போய், பெரியவர்கள் இரண்டு பேரும் செத்துப்போனார்கள், பிள்ளைகளைப் பரிசுப்பொருள் கொடுத்துத் திரும்ப விட்டார்கள். நமக்கு வந்து போகிற சாதாரண சளிக்காய்ச்சலைத் தாங்கும் எதிர்ப்புச் சக்தி அவர்களுக்குக் கிடையாது. பக்கத்திலேயே கிரேட் அந்தமானியர் என்ற பழங்குடியினர், 1858-இல் வெள்ளைக்காரன் குடியேற்றம் போட்டபோது ஆயிரக்கணக்கில் இருந்தவர்கள், அம்மையும் மற்ற தொற்றுகளும் வந்து 2011 கணக்கெடுப்பில் 44 பேர். சுனாமி முடிந்து பார்க்கப் போன ஹெலிகாப்டரை நோக்கி சென்டினலியர் அம்பை நீட்டினார்கள். இதற்கு மேல் எப்படி வாய் திறந்து வேண்டாம் என்று சொல்வது?

பேரையூர் டீச்சர்:
பளியர் விஷயத்தை இதோடு சேர்க்காதேம்மா. அவர்கள் தனித்து வாழ்பவர்கள் இல்லை, தேனும் கடுக்காயும் எடுத்து நம்மிடம்தான் விற்கிறார்கள். அவர்களுக்குப் பொருந்துவது 2006 வன உரிமைச் சட்டம்: குடியிருக்கும் நிலத்துக்கு உரிமை, சிறு வனப்பொருள் எடுக்க உரிமை, அதை முதலில் பரிசீலிப்பது கிராம சபை. அவர்கள் கேட்பதே ரோடும் சாதிச் சான்றிதழும். என்னிடம் படித்த ஒரு பளியர் பெண் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு அந்தச் சான்றிதழுக்காக எட்டு மாசம் அலைந்தாள்.

மதுரை சட்ட மாணவி:
19(5) எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி அண்ணா. டீச்சர், அந்தப் பெண்ணுக்குச் சான்றிதழ் கிடைத்ததா? இல்லையென்றால் எங்கள் கல்லூரி சட்ட உதவி மையத்தில் பேசுகிறேன், சனிக்கிழமை அங்கே வர முடியுமா என்று கேட்டுச் சொல்லுங்கள்.