புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரில் பேஸ்: புதுப்பிப்பு

12 அடி நீள அறையில், 5 அங்குல வூஃபரில் (ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலி தரும் பகுதி) பேஸ், அதாவது அடியொலி, மெலிந்து கேட்கிறது, ஆம்ப்ளிஃபயரை மாற்ற வேண்டுமா என்று முன்பு கேட்டிருந்தேன். வேண்டியதில்லை. இடத்தை மாற்றியதே போதும்.

வூஃபர் முகம் பின்சுவரிலிருந்து 60 செ.மீ. தள்ளி இருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 143 ஹெர்ட்ஸ் அருகே நேரொலியைக் கரைத்துவிடும். கணக்கு எளிது: ஒலியின் வேகமான 343-ஐ (நொடிக்கு மீட்டர்), மீட்டரில் உள்ள தூரத்தின் நான்கு மடங்கால் வகுக்கவும். பெட்டியின் பின்புறத்தைச் சுவருக்கு 8 செ.மீ. வரை நெருக்கினால் வூஃபர் முகம் சுமார் 33 செ.மீ.-இல் நிற்கும், ஒலி கரையும் அந்தப் பள்ளம் 260 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும், அடியொலிக்குச் சுவரே பலம் கூட்டும். போர்ட் (பெட்டியில் உள்ள காற்றுத் துளை) பின்னால் இருந்தால் இதைவிட நெருக்காதீர்கள். ஆண்குரல் குகைக்குள் ஒலிப்பதுபோல் வந்தால் போர்ட்டில் ஃபோம் அடைத்துப் பாருங்கள்.

நாற்காலி அறையின் நட்டநடுவில் வேண்டாம். 12 அடி நீளத்தில் 47 ஹெர்ட்ஸ் அங்கே ஏறக்குறைய காணாமல் போகும். நடுவிலிருந்து இரண்டடி பின்னே தள்ளுங்கள்.

இதற்கெல்லாம் முன், இரு ஸ்பீக்கரிலும் சிவப்பு வயர் சிவப்பு முனையில்தானா என்று பாருங்கள். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறியிருந்தால் பேஸ் விழுந்துவிடும். 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வேண்டுமென்றால் அடியொலிக்கென்றே உள்ள தனி ஸ்பீக்கரான சப்வூஃபர்தான் வழி. கிராஸ்ஓவரை (எந்த ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி சப்வூஃபருக்குப் போகும் என்ற எல்லை) 80 ஹெர்ட்ஸில் தொடங்குங்கள்.