அப்டேட்: வீட்லேர்ந்து வேலை, கண்காணிப்பு விஷயம்

எங்க அரசு ஆபீஸ்ல வீட்லேர்ந்து வேலை பாக்குறதை குறைச்சிட்டாங்க, லேப்டாப்ல கண்காணிப்பு சாஃப்ட்வேரும் போட்டுட்டாங்கன்னு முன்னாடி எழுதியிருந்தேன்ல, யூனியன் மூலமா எழுத்துல கேட்டதுக்கு இப்ப பதில் வந்துடுச்சு. லாகின் நேரம், விபிஎன் (வீட்லேர்ந்து ஆபீஸ் நெட்வொர்க்ல சேர்ற பாதுகாப்பான இணைப்பு) பதிவு, சாட் ஸ்டேட்டஸ் (ஆள் வேலையில இருக்காங்களான்னு காட்டுற கலர் புள்ளி) எல்லாம் பாக்குறாங்களாம், கேமரா இல்லையாம். அந்த ஸ்டேட்டஸ்தான் கொடுமை, 5 நிமிஷம் மவுஸ் தொடலன்னா மஞ்சளாயிடுது, 40 பக்க ஃபைலை பிரிண்ட் எடுத்து பேனாவோட உக்காந்து வரி வரியா படிக்கிறவங்க சும்மா இருக்குற மாதிரி தெரியுது, இது அநியாயம்.

மவுஸ் ஜிக்லர் (மவுஸை தானா அசைச்சுக்கிட்டே இருக்குற கருவி) வாங்கலாமான்னு கேட்டவங்களுக்கு, வேண்டவே வேண்டாம், மாட்டினா ஒழுங்கு நடவடிக்கைதான். நான் தினமும் சாயந்தரம் முடிச்ச ஃபைல் நம்பரோட எங்க மேலதிகாரி மேடத்துக்கு ஒரு மெயில் போட்டுடுறேன், போன வாரம் கேள்வி வந்தப்ப அதுதான் கைகொடுத்துச்சு. உடம்பு முடியாத பெத்தவங்களை பாத்துக்கிறவங்களுக்கு இந்த வீட்லேர்ந்து வேலை குறைப்புலேர்ந்து விலக்கு கேட்ட மனு இன்னும் நிலுவையிலதான் இருக்கு.